பதினோராவது ஓட்டை

என் கை நடுங்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, தொழிலுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டராக இருக்கிறேன். அடுத்தவர் வாய்க்குள் சுழலும் கருவியைப் பிடித்துக்கொண்டு நான் நடுங்கினால் அவர் நாக்கு என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள். நடுங்குவதெல்லாம் நாற்காலியில் உட்காருபவர்கள்தான். ஊசி இன்னும் என் கையில்தான் இருக்கும். அதற்குள் தோளைத் தூக்குவார்கள், காலை உதைப்பார்கள். படுவதற்கு முன்னாலேயே ஏன் துள்ளுகிறீர்கள் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது கேட்டுவிடுவேன்.

துள்ளியவர்களில் முதல் பரிசு என் நாத்தனாருக்குத்தான். என் கணவரின் தங்கை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. நாளெல்லாம் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில், தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். எதிரே லாரி வந்தாலும் அலட்டிக்கொள்ள மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி கிட்டே வந்ததும் என் ஆள்காட்டி விரலை லபக்கென்று கடித்துவிட்டாள். இரண்டு தையல் போட்டார்கள். வீட்டார் நாலு பேர் கூடினால் போதும், நான் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். அவள் கண்ணை உருட்டியது, வாயை மூடியது எல்லாவற்றையும் நடித்தும் காட்டுவேன். என் கணவர் சிரிப்பார், பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார். அவள் அன்றைக்கு ஓடியவள்தான், அதன் பிறகு கடைவாய்ப் பல்லைக் காட்ட என் கிளினிக் பக்கமே வரவில்லை.

போட்டிக்காகத் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான்தான் முதலில் சேர்ந்தேன். கை நடுங்காதவளுக்கு ஏற்ற விளையாட்டு இது என்று எனக்கு ஓர் எண்ணம். அடுத்த வாரமே நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். வேறு கிளப்பே ஊரில் இல்லையா என்று கேட்டேன். இல்லையே அண்ணி என்றாள்.

அங்கே துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் ஒரே ஆள்தான். எப்போதும் சட்டைப் பையில் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் எல்லோரும் அவரைத் திருப்புளி என்றே கூப்பிடுவார்கள். முதல் நாள் மேசை மேல் ஆறு கைத்துப்பாக்கிகளைக் காலியாக்கி, காலிதான் என்று திறந்து காட்டி, வரிசையாக வைத்தார். அழகு பார்க்காதீர்கள், கையில் பிடித்துக் கண்ணை மூடுங்கள், கையை நீட்டிவிட்டுக் கண்ணைத் திறங்கள், குறிபார்க்கும் முன்முனையும் பின்பள்ளமும் தானாக ஒரே கோட்டில் நின்றால் அதுதான் உங்களுடையது என்றார். நாத்தனார் அப்படியே செய்தாள். ஐந்தை வைத்துவிட்டு, பிடியெல்லாம் கீறல் விழுந்த ஒரு பழசை எடுத்துக்கொண்டாள். எனக்கு அது சகிக்கவில்லை. வாதுமை மரப் பிடி போட்டு, கனமாக, பளபளவென்று ஒன்று இருந்தது. கண்ணை மூடுவானேன், பார்த்தாலே தெரிகிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டேன். திருப்புளி என் விரலின் நீளத்தைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார்.

மூன்று வாரம் சுட்டேன். குண்டெல்லாம் ஒரே இடத்தில், இடது பக்கம் கீழே போய் விழுந்தது. கறுப்பு வட்டத்துக்குள் வரவே மாட்டேன் என்றது. குறிமுனை கோணல் என்றேன். திருப்புளி அதைத் திருகிக் கொடுத்தார். அப்படியும் கீழேதான். விசை கனம் என்றேன், அதையும் இளக்கினார். பிறகு துப்பாக்கியே சரியில்லை என்று மாற்றினேன். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதும் சரியில்லை. கிளப்பில் உள்ள அத்தனை துப்பாக்கியும் என்னைப் பழிவாங்கக் காத்திருந்தது போலிருந்தது. பக்கத்துத் தடத்தில் நாத்தனார் அந்தக் கீறல் விழுந்ததை வைத்துக்கொண்டு பத்துக்கு எட்டும் ஒன்பதுமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

நாலாவது சனிக்கிழமை நாத்தனார் மிகவும் அன்பாக, தோட்டா நிரப்பித் தரட்டுமா அண்ணி என்று கேட்டாள். அந்த அன்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஐந்து தோட்டா. முதலாவது வெடித்தது, இரண்டாவது வெடித்தது. மூன்றாவதுக்கு விசையை இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் தூங்கி விழுபவன் தலை மாதிரி இடது பக்கமாகக் கீழே குத்தியது. நடுவில் ஒரு டம்மி தோட்டாவைப் போட்டு வைத்திருந்தார்கள், அவளும் திருப்புளியும் சேர்ந்து. வெடிக்கப் போகிறது என்ற பயத்தில், வெடிப்பதற்கு முன்னாலேயே கையை அமுக்குகிறோமா என்று கண்டுபிடிக்கிற வழி அது. துப்பாக்கி வெடித்தால் அந்த அதிர்ச்சியில் ஒன்றும் தெரியாது. வெடிக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு, என் குரலிலேயே கேட்டாள்.

"படறதுக்கு முன்னாடியே ஏன் அண்ணி துள்றீங்க?"

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போதுதான் பந்தயம் பிறந்தது. கிளப்புகளுக்கு இடையிலான போட்டிக்குப் பெண்கள் அணியில் மூன்று இடம், இரண்டு ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மூன்றாவதுக்கு நானும் அவளும்தான். அடுத்த மாதம் தேர்வு, ஆளுக்குப் பத்து குண்டு. நான் ஜெயித்தால் ஒன்பது வருடமாக அவள் தள்ளிப்போடும் அந்தக் கடைவாய்ப் பல்லை என் நாற்காலியில் உட்கார்ந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும். அவள் ஜெயித்தால் விரல் கதையை இனி நான் குடும்பத்தில் ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லக் கூடாது. என் கணவர் சாட்சி. அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார். அந்தக் கதை போய்விட்டால் குடும்பத்தில் நான் பேச என்ன இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மறுநாளே திருப்புளியிடம் போய், கண்ணை மூடிப் பார்த்து, என் கைக்குப் பொருந்திய ஒரு சின்னப் பிடித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். பளபளப்பு போனால் போகட்டும். வீட்டுப் பயிற்சிக்குத் தோட்டாவே போட முடியாத ஒரு பொய்த் துப்பாக்கியும் கொடுத்தார். கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத நேரத்தில் அதன் குழாய் மேல் ஒரு செயற்கைப் பல்லை நிற்க வைத்து, சுவரில் ஒட்டியிருந்த பெரிய பல் படத்தைக் குறிபார்த்து விசையை இழுப்பேன். பல் விழக் கூடாது. முதல் வாரம் பொலபொலவென்று விழுந்தது. ஒரு நாள் அப்படிக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் ஏறிப் படுத்து, நான் கேட்காமலேயே வாயை அகலமாகத் திறந்துவிட்டார். அவ்வளவு அடக்கமான நோயாளியை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது வாரம் பல் விழுவது நின்றது.

தேர்வு நாளன்று எனக்கு நாலாவது தடம், அவளுக்கு ஐந்தாவது. அவள் தன் வழக்கப்படி பிரேக்கில் கால் வைத்தவள் மாதிரி நிதானமாகச் சுட்டு முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் ஒன்பது சுட்டிருந்தேன். நன்றாகவே போயிருந்தது, எழுபத்தெட்டு. சும்மா அடுத்த குண்டைச் சுட்டிருக்கலாம். புத்தி கேட்டால்தானே. தொலைநோக்கியைத் திருப்பி அவள் காகிதத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணினேன். ஒரே ஒரு ஏழு, மற்றதெல்லாம் எட்டு, ஒன்பது, ஒரு பத்து. மொத்தம் எண்பத்தாறு. தப்பாக எண்ணியிருப்பேனோ என்று மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். அதே எண்பத்தாறுதான். எனக்கு ஒரு ஒன்பது விழுந்தால் போதும்.

கையைத் தூக்கினேன். குழாய் மேல் பல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண் திறந்தே இருந்தது. விசை எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. வெடித்த பிறகும் முனை அசையாமல் அங்கேயே நின்றது. அப்படி ஒரு குண்டை நான் அதற்கு முன் சுட்டதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

தொலைநோக்கியில் என் காகிதத்தைப் பார்த்தேன். ஒன்பது ஓட்டைதான் இருந்தது. பழைய பத்தின் ஓட்டை வழியாகவே புதுக் குண்டும் புகுந்து போயிருக்கிறது என்று நடுவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது எப்படிச் சாத்தியம் என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன், கையால் காற்றில் படமெல்லாம் போட்டு. அதற்குள் காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். நாலாவது தடத்தின் காகிதத்தில் ஒன்பது. ஐந்தாவது தடத்தின் காகிதத்தில் பதினொன்று. பதினோராவது, நட்டநடுவில், ஜம்மென்று ஒரு பத்து.

அவள் காகிதத்தையே மூன்று தடவை எண்ணிய கண், கையைத் தூக்கியதும் பழக்கத்தில் அங்கேயே போய் நின்றுவிட்டது. துப்பாக்கி சுடுகிறவர்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம் இது, அதுவும் நம்மைவிட அடுத்தவர் எவ்வளவு வாங்கினார் என்று பார்க்கிறவர்கள். சட்டம் என்ன தெரியுமா? தப்பான காகிதத்தில் சுட்டவருக்குப் பூஜ்யம். காகிதத்தின் சொந்தக்காரருக்கு, எது யாருடைய ஓட்டை என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், பதினொன்றில் சிறந்த பத்து ஓட்டைகள். அவளுடைய ஏழை எடுத்துவிட்டு என்னுடைய பத்தைச் சேர்த்தார்கள். எண்பத்தொன்பது. எனக்கு எழுபத்தெட்டு. திருப்புளி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாத்தனார் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நல்ல குண்டு அண்ணி என்றாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று நாள் கழித்து, கன்னம் வீங்கிய முகத்தோடு அவளாகவே கிளினிக்குக்கு வந்தாள். பந்தயத்தில் ஜெயித்தவள் நீ, கட்டாயமில்லை என்று சொன்னேன். போட்டிக்குள் வலி நிற்க வேண்டும் என்றாள். நாற்காலியில் சாய்ந்தாள். பதினைந்து வருடமாக என்னோடு இருக்கும் நர்ஸ் ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நான் குனிந்தபோது நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் துள்ளல. ஊசி வாய்கிட்ட வந்தப்ப நீங்க கண்ண இறுக்கி மூடிட்டீங்க. குத்தறவங்களே கண்ண மூடினா நான் என்ன செய்யறது? நான் வாய மூடிட்டேன்."

ஒன்பது வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தனக்கே சந்தேகமாக இருந்ததாம், பயத்தில் தோன்றியிருக்கும் என்று விட்டுவிட்டாளாம். டம்மி தோட்டா போட்ட அன்று நான் கண்ணை மூடியதைப் பார்த்த பிறகுதான் உறுதியானதாம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நர்ஸ் பக்கம் திரும்பி, நான் ஊசி போடும்போது கண்ணை மூடுகிறேனா என்று கேட்டேன். அவள் டிரேயில் இருந்த பஞ்சுகளை அவசரமாக அடுக்க ஆரம்பித்தாள். மறுபடி கேட்டேன்.

"சில நேரந்தான் டாக்டர்," என்றாள்.

இருபத்திரண்டு வருடம். எத்தனை பேரைத் துள்ளுகிறீர்கள் என்று திட்டியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. குழாய் மேல் பல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே ஊசியைப் போட்டேன். நாத்தனாரின் கால் விரல்கூட அசையவில்லை. பல் சுலபமாக வந்துவிட்டது.

போன வாரம் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணி அன்னைக்கு ஊசிய எடுத்தாங்க பாருங்க," என்று ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடியதை அப்படியே நடித்துக் காட்டினாள். என்னைவிட நன்றாக நடிக்கிறாள், பாவி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், என் கணவர் இந்தத் தடவை நிறுத்தவே இல்லை. அப்படி இல்லை, நடந்தது வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தி, வாக்கு என்றார். அந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டது நான்தானே, அவள் இல்லையே. குடும்பத்தில் ஒருவரிடமும் நான் அதைப் பேச முடியாது.

அதனால்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்கிறேன்.