நோட்டீஸ் எழுத ஆள் தேவை

போன வருஷம் சீசனில் எங்கள் கடை எண்ணெய் பஸ் ஏறிய கதையைத் தென்காசியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எங்கள் முதலாளி சங்கரநாராயணன் அண்ணாச்சி மதுரையில் ஒருவரைப் பிடித்து நோட்டீஸ் எழுதி வாங்கினார். அந்த மனிதர் குற்றாலத்தைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ‘அருவியில் ஆனந்தமாய் நீராடியபின் எங்கள் மூலிகைத் தைலத்தை மேனியெங்கும் பூசி இன்புறுவீர்’ என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி வாசித்துப் பார்க்காமலே அச்சாபீசுக்கு அனுப்பிவிட்டார். ஐயாயிரம் ரோஸ் நிற நோட்டீஸ்.

இங்கே எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போவார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் எண்ணெய் தானாகக் கழன்று போய்விடும். வெளியூர்க்காரர்கள் என்ன கண்டார்கள்? நோட்டீசில் சொன்னபடி குளித்தார்கள், துவட்டினார்கள், அப்புறம் எண்ணெயைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். சீட்டெல்லாம் எண்ணெய். எங்கள் கடைச் சீசாவைக் கையில் பார்த்தாலே கண்டக்டர்கள் உட்கார விடவில்லை. ஆடி பிறக்கும் முன்பே எங்கள் எண்ணெயை யாரும் தொடாமல் ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் அண்ணாச்சி சொன்னார்: “நோட்டீஸ் எழுத நம்பிக்கையான ஆளு வேணும். தமிழ் தெரிஞ்சா மட்டும் காணாது.”

கடை தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கட்டில் சீசா கழுவி, எண்ணெய் ஊற்றி, லேபிள் ஒட்டுவது என் வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீணான லேபிள்களை அடுக்கித் தைத்த நோட்டு ஒன்று பசைச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணாச்சி ஆள் தேர்ந்தெடுக்க ஒரு வழி வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக அருவிக்கரையில் எங்கள் எண்ணெயை விற்கிற முப்பிடாதி அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. எழுதியவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் அவளிடம் ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். அவள் அருவிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

“நோட்டீஸ ஒருத்தன் வாசிப்பான், பத்துப் பேரு காதுலதான் கேப்பாவ. எவன் எழுதுனது இவ வாயில நிக்குதோ, அவந்தான் நம்ம ஆளு” என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை நிற்கவில்லை. லேபிளை ஒட்டும்போது ஒரு வரி வரும். சீசா கழுவும்போது அது சரியில்லை என்று தோன்றும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நோட்டை எடுப்பேன். பதினோரு தடவை எழுதி, பதினோரு தடவை அடித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் நாலே வரி மிஞ்சியது. அதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கடையைப் பெருக்குகிற சாக்கில் அண்ணாச்சி மேஜை மேல் எடைக்கல்லுக்கு அடியில் செருகினேன். பேர் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற ஞானதுரை. இன்னொருவர் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிற செல்லப்பா.

ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: “மகா கனம் பொருந்திய பொதுஜன சமூகத்திற்கு, தைல வியாபாரியாகிய அடியேன் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...”

முப்பிடாதி அக்கா பதறிப்போய்க் கேட்டாள்: “யாரு தவறிட்டாவ மொதலாளி?”

செல்லப்பா பாட்டாகவே எழுதியிருந்தார். “மங்கையர் கூந்தல் மயிலெனத் தழைக்கும், மாமலைத் தைலம் மனங்களை அழைக்கும்...”

“நல்லாத்தான் இருக்கு. அருவிக்கரைக்கு ஆர்மோனியத்த யாரு தூக்கியாருவா?” என்றாள் அக்கா.

அண்ணாச்சி எடைக்கல்லை நகர்த்தினார். “இது யாரு? பேரே இல்லையே” என்று சொல்லிக்கொண்டே தானே வாசித்தார்:

“அருவிக்குள் போகும் முன்னால் தேயுங்கள். உச்சியில் ஒரு கை, முதுகில் இரண்டு கை. சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சியது, குளிர் கொஞ்சம் தாங்கும். துவட்டிய பிறகு தேய்த்தால் பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காது.”

முப்பிடாதி அக்கா சிரித்த சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்கட்டில் நான் ஊற்றிக்கொண்டிருந்த சீசா நிரம்பி, புனல் நிரம்பி, எண்ணெய் என் கால் விரலுக்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பொழுது நகரவே மாட்டேன் என்றது. இரண்டு தடவை லேபிளைத் தலைகீழாக ஒட்டினேன். சாயங்காலம் ஞானதுரையும் செல்லப்பாவும் திரும்பக் கடைக்கு வந்துவிட்டார்கள்.

அஞ்சு மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். தலையெல்லாம் சாரல் முத்து. படியேறும்போதே சொன்னாள்: “தண்ணி வந்துட்டு மொதலாளி. பேரருவி பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுது. நாளைக்குக் கூட்டம் அள்ளிரும்.”

அண்ணாச்சி பரபரப்பாகிவிட்டார். “அப்ப இன்னைக்கே அச்சுக்குப் போணும். சொல்லு சொல்லு, ஞானதுரை எழுதுனது?”

“கனம்... கனம்... அதுக்கு மேல தூக்க முடியல.”

“செல்லப்பா?”

“மயிலு வந்துச்சி. வந்து என்ன செஞ்சிச்சின்னு தெரியல.”

செல்லப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவதை அண்ணாச்சி கேட்கும் முன்பே அக்கா ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். “அங்கன நாலு பொம்பளையள்ட்ட சொன்னேன். கொஞ்ச நேரத்துல யாரோ ஒருத்தி வந்து அத எனக்கே சொல்லுதா.”

ஆனால் அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேரு போடாதவன எப்படி நம்புறது? நாளைக்கு ஒண்ணு தப்பாப் போச்சுன்னா யாரு சட்டையப் பிடிக்க? மதுரைக்காரனத்தான் பிடிக்க முடியலையே. செல்லப்பா, இத நீரே வச்சுக்கிடும். ரெண்டு வரி சேத்து, உம்ம பேர்ல பொறுப்பா அடிச்சுக் குடுத்துரும்.”

செல்லப்பா காதில் இருந்த பென்சிலை எடுத்தார். “பஸ் சங்கதிய எடுத்துருவோம் அண்ணாச்சி, நம்ம தப்ப நாமளே சொன்ன மாதிரி இருக்கு. அந்த எடத்துல, ஏழே நாளில் வழுக்கையில் முடி வளரும்னு போடுதேன்.”

“போடும், போடும்.”

பென்சில் தாளில் பட்டது. கடைசி வரி மேல் ஒரு கோடு விழுந்தது. நான் எப்போது பின்கட்டைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

“முடி வளராது அண்ணாச்சி.”

மூன்று ஆண்களும் திரும்பினார்கள். இரண்டு வருஷத்தில் அந்த மேஜைக்கு முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அது. நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று பயந்து, மூச்சு விடாமல் மீதியையும் சொன்னேன்.

“ரெண்டு வருசமா இந்த எண்ணெயிலதான் கைய முக்கிக்கிட்டு இருக்கேன். வளரும்னா என் உள்ளங்கையில வளந்துருக்கணும்.”

“மொதலாளி தலையப் பாத்தாலே தெரியுமே” என்றாள் முப்பிடாதி அக்கா.

அண்ணாச்சியின் கை அவரை அறியாமல் தலைக்குப் போய்விட்டுத் திரும்பியது. “இத எழுதுனது நீயா?”

தலையை ஆட்டினேன்.

“பேருதான் குழல்வாய்மொழி. வாயத் தொறந்தா காத்துதான் வருது. சொல்லேன் ஏட்டி” என்றாள் அக்கா.

“நாந்தான்.”

செல்லப்பா விடவில்லை. “இப்ப யாரு வேணும்னாலும் நாந்தான்னு சொல்லலாம் அண்ணாச்சி. இதுக்குச் சாட்சி என்ன?”

சாட்சி பசைச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. அதைக் காட்டுவதைவிட ஓடிப்போய் எண்ணெய் அண்டாவுக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கோடு அங்கேயே கிடந்தது. போய் நோட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன்.

நான் பதினோரு தடவை அடித்ததையும் அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதோடு நிறுத்தாமல் முன்பக்கங்களுக்கும் போனார். ஓரிடத்தில் நின்று உரக்க வாசித்தார்: “அண்ணாச்சிக்குப் பதில் தெரியாவிட்டால் மூக்குப்பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டுவார். தெரிந்துவிட்டால் ஒரு தட்டு.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அண்ணாச்சி பொடி டப்பாவை எடுத்து டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய கையைத் தானே பார்த்தார்.

“உள்ளதத்தான் எழுதியிருக்கா” என்றார் மெதுவாக. “பேரு ஏன் போடல?”

“போட்டா வாசிக்காம வச்சுருவீயன்னுதான்.”

அண்ணாச்சி டப்பாவை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். “செல்லப்பா, அந்தக் கோட்ட அழியும். இந்தப் பிள்ள எழுதுனத ஒரு எழுத்து மாத்தாம அடிக்கணும். ஏட்டி, நீயும் முப்பிடாதியும் கூடப் போங்க. அடிச்சுக் காட்டுததுல தப்பு இருக்கான்னு நீதான் பாக்கணும். இருந்தா உன்னத்தான் கேப்பேன்.”

அச்சாபீசில் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முதல் தாள் வந்துவிட்டது. மை ஈரம் காயவில்லை. விரலை வைக்காமல் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். செல்லப்பா வெகுநேரம் உர்ரென்று இருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: “ஏதாவது ஒரு வார்த்தையப் பெருசாப் போடலாம். எது?”

“முன்னால்” என்றேன்.

அவர் பெரிய அச்செழுத்துகள் இருந்த இழுப்பறையைத் திறந்தார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நோட்டீஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்காவோடு குற்றாலம் போனேன். இலஞ்சி தாண்டும்போது சாரல் அடித்தது. கட்டைத் தாவணி முந்தானையால் மூடிக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, கட்டின் ஓரத்தில் தெரிந்த ரோஸ் தாளைப் பார்த்து முறைத்தார்.

“இந்த வருசமும் வந்துட்டீயளா? குடுங்க பாப்போம்.”

ஒன்றை உருவிக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தோளில் கிடந்த பை ஆட, விழுந்து விழுந்து சிரித்தார்.

“எவன் எழுதுனது இத?”

முப்பிடாதி அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

“நாந்தான் அண்ணாச்சி.”

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். “அப்ப ஒரு இருபது குடு. மத்த வண்டியள்லயும் ஒட்டணும்.”