சுடாத கிண்ணம்

பெக்லியென் அன்று காலை நாற்பது மாணவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கேட்டவர்களிடம் கூடத்தின் தரையைக் கழுவ வேண்டும் என்றாள். யாரும் நம்பவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அடிமுறைக் கூடம் நடத்தும் செங்ஹாய் இன்று அவள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருகிறான் என்பது சந்தையில் மீன் விற்பவள்வரை தெரிந்த சங்கதி.

யோங்சுன் மலைப்பக்கத்தில் ஒரு கூடத்துக்காரன் இன்னொரு கூடத்துக்குத் தேநீர் குடிக்கப் போனால் அது விருந்துக்கு அல்ல. வீட்டுக்காரர் தன் கையால் தேநீர் போட்டு ஊற்ற வேண்டும். குடித்து முடித்ததும், ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால், வந்தவன் ஒரு தேதி சொல்வான். அந்தத் தேதியில் இருவரும் மோத வேண்டும். தோற்றவர் கூடத்தின் பெயர்ப்பலகை இறங்கிவிடும். தேதி சொல்லும்வரை சண்டை என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. மழையைப் பற்றியும் பன்றி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பலகை வாசலுக்கு மேலே இருந்தது. 'கேட்கும் கை' என்று காலஞ்சென்ற ஆசான் தன் கையால் எழுதியது. வெண்கொக்கு அடிமுறையின் மொத்த வித்தையும் அவ்வளவுதான். எதிராளியின் மணிக்கட்டோடு உன் மணிக்கட்டை ஒட்டி வை. அவன் எந்தப் பக்கம் தள்ளப்போகிறான், எப்போது தளரப்போகிறான் என்பதை அவன் மனசு முடிவு செய்யும்போதே உன் தோல் கேட்டுவிட வேண்டும். கேட்கத் தெரியாத கையில் மாட்டுப் பலம் இருந்தும் பயன் இல்லை. ஆசான் அந்தப் பலகையை மூத்த சீடன் தெக்சூனுக்குக் கொடுத்தார். இளைய சீடன் செங்ஹாய் அன்றைக்குத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டான். ஆனால் அவன் மறக்கவில்லை.

தெக்சூன் காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆயிற்று. கூடத்தை அவன் மனைவி பெக்லியென் நடத்தினாள். சும்மா சொல்லக்கூடாது, புருஷனிடம் கற்றுப் புருஷனையே மிஞ்சியவள். ஆனால் ஆசானிடம் நேரடியாகக் கற்றவள் இல்லையே! படகுப் போட்டித் திருவிழா முடிந்த மறுநாள் செங்ஹாய் ஆள் அனுப்பினான். ஆசானின் பலகை ஆசானிடம் படித்தவன் சுவரில்தான் இருக்க வேண்டும், அண்ணி கோபிக்கக்கூடாது, ஏழாம் மாதம் தேநீர் குடிக்க வருகிறேன் என்று சொல்லியனுப்பினான்.

பெக்லியெனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தக் கதைக்கே காரணம் அதுதான். வாய் குறுகிய மண்சாடியை விரல் நுனிகளால் விளிம்பில் பிடித்துத் தூக்கி முற்றத்தைச் சுற்றி நடப்பது அங்கே பிடியை வளர்க்கும் பயிற்சி. பத்து நாளைக்கு ஒரு பிடி மணல் சேர்க்கலாம், அதற்கு மேல் கூடாது. புதிதாகச் சேர்ந்த வாண்டுகளுக்கு அவளே ஆயிரம் தடவை சொன்ன விதி. ஆள் வந்து போன அன்றே அரைச் சாடி மணலைக் கொட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் அதைத் தூக்கிக்கொண்டு வெறிபிடித்தவள்போல் சுற்றினாள். பதின்மூன்றாம் நாள் வலதுகைக் கட்டைவிரலும் நடுவிரலும் மரத்துப் போயின. ஊசியால் குத்திப் பார்த்தாள். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

கேட்கும் கை செவிடாகிவிட்டது. அதுவும் தேதிக்கு முன்னால், அவளே செய்த வேலையால். அழுவதற்குக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளூர் மருந்துக்கடை லாவிடம் போக முடியாது. தேதிக்குச் சாட்சி உட்காரப்போகிற பெரியவரே அவர்தான். போதாததற்கு, அவர் வாயில் விழுந்த சேதி மதியத்துக்குள் ஆற்றைத் தாண்டிவிடும். இரண்டு ஊர் தள்ளி எலும்பு கட்டுகிறவர் ஒருவரிடம் போனாள். அவர் பச்சைநிறக் களிம்பு கொடுத்து, நரம்பு நசுங்கியிருக்கிறது, வந்தாலும் வரும், வராமலும் போகும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். செங்ஹாய்க்கு இது தெரிந்தால் மறுநாளையே தேதியாகச் சொல்லுவான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவளாக இருந்தால் அவளும் செய்திருப்பாள். தெரியாமல் இருந்தால், வழக்கப்படி ஒரு மாதமாவது தவணை சொல்லுவான். அதற்குள் விரலுக்கு உயிர் வந்துவிடலாம்.

ஆக இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கையைப் பார்த்து அவன் கண்டுபிடிக்கக்கூடாது.

கைப்பிடி வைத்த குடுவையில் ஊற்றினால் தொல்லையே இல்லை. ஆனால் அந்தக் கூடத்தில் ஆசான் காலம்தொட்டு மூடிக் கிண்ணம்தான்; செங்ஹாய் அதில் எத்தனையோ முறை குடித்திருக்கிறான். மெல்லிய பீங்கான் கிண்ணம். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். செத்துப்போன அதே இரண்டு விரல்கள்! முதலில் எடுத்தபோது கிண்ணம் கிடுகிடுவென்று நடுங்கியது. எட்டு நாள் பழகினாள். அடுப்பு மூட்டினால் மாணவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பழகினாள். எட்டாம் நாள் நடுக்கம் நின்றது. கை கல்லில் செதுக்கினதுபோல நின்றது.

செங்ஹாய் தனியாக வந்தான். நாற்பது வயது, குட்டையான ஆள், நடக்கும்போது சத்தமே கேட்காது. வாசலில் பலகையை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டான். பிறகு அவளைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா, அண்ணி?" என்றான்.

"இருக்கேன் தம்பி. வாங்க, உக்காருங்க. தண்ணி கொதிக்குது."

லாவ் இன்னும் வரவில்லை. தட்டில் வழக்கப்படி மூன்று சின்னக் கோப்பைகள். கரியடுப்பில் கெட்டில் சலசலத்தது. பெக்லியென் கருத்துச் சுருண்ட மலைத்தேயிலையைக் கிண்ணத்தில் போட்டாள், கொதிநீர் விட்டாள், முதல் நீரைக் கொட்டினாள், மறுபடி விட்டாள். கிண்ணத்தை எடுத்தாள். கோப்பைகளுக்கு மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். அதற்குத் தளபதியின் நகர்வலம் என்று பேர். கடைசியில் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு கோப்பையிலும் விட்டாள். அது படையை எண்ணுவது. மூன்று கோப்பையிலும் நிறம் ஒன்றாக இருந்தது.

அவன் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னான். மூன்று மடக்கில் குடித்தான். மேல்மலையில் மழை பிந்திவிட்டது என்றான். அவளும் ஆமாம் என்றாள். அவன் கண் அவள் முகத்தில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. பார்க்கட்டும் என்று நினைத்தாள். நடுங்கினால்தானே!

அந்த நேரத்தில் லாவ் வந்து சேர்ந்தார். விசிறிக்கொண்டே வந்தார், வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். கடையில் ஒரு கிழவி இருமலுக்கு மருந்து வாங்க வந்து மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டினாளாம், அதனால் தாமதமாம். புதிய விருந்தாளி வந்தால் பழைய இலையில் ஊற்றுவது அவமரியாதை. பெக்லியென் கோப்பைகளைக் காலி செய்து, கிண்ணத்தைக் கவிழ்த்து இலையைக் கொட்டினாள். புதிய இலை போட்டாள். அதற்குள் கெட்டில் தளதளவென்று கொதித்து மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் விளிம்புவரை நீரை விட்டுவிட்டாள். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் குறைக்கப் போனால் தடுமாற்றம்போல் தோன்றும் என்று விட்டுவிட்டாள்.

கிண்ணத்தை எடுத்துச் சாய்க்கப் போனாள். சரியாக அந்த நொடியில் லாவ், "ஏம்மா, வாத்தியாரம்மா, உன் புருஷன் போனது பன்னிரண்டாம் மாசமா, பதினொண்ணாம் மாசமா?" என்று கேட்டார்.

பெரியவர் கேட்கும்போது முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவள் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள். பதினொன்றாம் மாதம் என்றாள். அப்படியானால் அந்தப் பெரிய பனி விழுந்த வாரமா என்றார் அவர். ஆமாம் என்றாள். சவப்பெட்டி தூக்கும்போது தான் வழுக்கி விழுந்ததை லாவ் விவரமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து ஊற்ற ஆரம்பித்தாள். நகர்வலம், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கல்லில் செதுக்கின கை.

செங்ஹாய் மெதுவாகக் கேட்டான். "சுடலையா, அண்ணி?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. உயிருள்ள கை அந்தக் கிண்ணத்தை அப்படிப் பிடிக்காது. விரலை மாற்றும், விளிம்பில் நகர்த்தும், உஸ் என்று இழுத்துக்கொள்ளும், சட்டென்று கீழே வைக்கும். தேநீர் ஊற்றும் எந்த வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள். அவள் பச்சைத் தண்ணீரில் பழகியவள். நடுக்கத்தை மட்டுமே நினைத்தாள், சூட்டை நினைக்கவே இல்லை. கட்டைவிரல் ஓரம் விளிம்பில் ஒட்டினாற்போல் வெளுத்திருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கீழே வைத்தால் ஒப்புக்கொண்டது மாதிரி. வைக்காவிட்டாலும் ஒப்புக்கொண்டது மாதிரிதான். எட்டு நாள் பாடுபட்டுத் தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டாளே, அசடு! அவள் ஊற்றி முடித்தாள். கடைசிச் சொட்டுகளையும் மூன்று கோப்பையிலும் எண்ணிவிட்டாள். அதன்பிறகே கிண்ணத்தை வைத்தாள்.

"பழகின கை தம்பி," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

செங்ஹாய் கை நீட்டிக் கிண்ணத்தை அதே இரண்டு விரலால் எடுத்தான். இரண்டு நொடி. "ஸ்ஸ்" என்று கையை உதறினான். கிண்ணம் தட்டில் விழுந்து உருண்டது, நல்லவேளை, உடையவில்லை. லாவ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட போடா! பலகை கேக்க வந்த ஆளு, பொம்பளை பிடிச்ச கிண்ணத்தைப் பிடிக்க முடியலையா? ஆத்துக்கு அக்கரையில வெந்நீரே கிடையாதா?"

செங்ஹாயின் காது சிவந்தது. நாளைக்கு இந்தச் சிரிப்பு மருந்துக்கடையிலிருந்து புறப்பட்டு ஊர் முழுக்கச் சுற்றும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அவள் விரல் செத்துவிட்டது, ஊசியால் குத்திப் பாருங்கள். சிரிப்பு அடங்கிவிடும், தேதி நாளைக்கே, பலகையும் அவனுடையது. பெக்லியென் மடியில் கையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

அவன் தன் கோப்பையை எடுத்துக் குடித்தான். வாயில் தேநீரைக் கொஞ்சநேரம் வைத்திருந்தான். லாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரிப்பா, தேதியைச் சொல்லு, எனக்குக் கடை இருக்கு என்றார்.

"கல்லறை கூட்டுற நாளுக்கு மறுநாள்," என்றான் செங்ஹாய். "ஆசான் கல்லறையைக் கூட்டிட்டு, அவரைக் கேட்டுட்டு வரேன்."

முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் அந்த நாள் அடுத்த வருடம் மூன்றாம் மாதம்தான்; லாவ் விரலை மடக்கி எண்ணினார். எட்டு மாதம்! இந்த மாதிரி தவணையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு கிண்ணம் சுட்டதற்கே எட்டு மாதமா என்று மறுபடி சிரித்துக்கொண்டு, விசிறியை எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே படியிறங்கிப் போனார்.

செங்ஹாய் வாசலில் நின்றான். பலகையை இன்னொரு முறை பார்த்தான்.

"சாடியில எவ்வளவு போட்டீங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. "அரைச் சாடி."

"எனக்கு அது வேணும் அண்ணி. இன்னிக்கும் வேணும், நாளைக்கும் வேணும்." தாடையால் பலகையைக் காட்டினான். "ஆனா காது கேக்காத கையை அடிச்சு வாங்கின 'கேட்கும் கை'யை எந்தச் சுவத்துல மாட்டுறது? பாக்குறப்பல்லாம் அது என்னைத் திட்டாதா?"

"இரக்கப்படுறீங்களா?"

"இல்லை. ஜெயிக்கணும்னு பாக்குறேன்." அவன் படியில் இறங்கிவிட்டான். நாலு எட்டு போய்த் திரும்பி, "மணலைப் பிடிப்பிடியாப் போடுங்க. ஆசான் சொன்னது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் இல்லை," என்றான்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அதன்மேல் சாய்ந்தாள். அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை. அவன் ஆற்றைக் கடந்திருக்கும் நேரம்வரை மனசுக்குள் அவனைத் திட்டினாள். எதற்காகத் திட்டுகிறோம் என்று தேடிப் பார்த்தாள். தான் அவனாக இருந்தால் நாளையே தேதி என்று சொல்லியிருப்போம் என்று முன்பு நினைத்தாளே, அதற்காகத்தான். அந்தக் கோபம் அவன்மேல் இல்லை என்று புரிய இன்னும் கொஞ்சநேரம் ஆயிற்று.

பிறகு அவளுடைய கோப்பையைக் குடித்தாள். வீட்டுக்காரி கடைசியில்தான் குடிக்க வேண்டும். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நல்ல தேநீர். இலையைக் கொட்டிக் கழுவலாம் என்று கிண்ணத்தை எடுத்தாள். கட்டைவிரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதன் ஓரம் விளிம்பில் பட்டது.

ஏதோ இருந்தது. எறும்பு கடித்ததுபோல், தூரத்தில், ஒரே ஒரு புள்ளியில். அவள் அசையாமல் நின்றாள். விளிம்பை மறுபடி அழுத்தினாள். எரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நன்றாகவே எரிந்தது. கொப்புளத்தை அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நடுமுற்றத்தில் தனியாக நின்று சிரித்தாள்.

சாடியை இழுத்துக் கவிழ்த்தாள். மணல் முழுவதும் கல்தரையில் சரிந்தது. குனிந்து இடதுகையால் ஒரு பிடி அள்ளிச் சாடிக்குள் போட்டாள். பத்து நாளைக்கு ஒரு பிடி, மாதத்துக்கு மூன்று, எட்டு மாதத்துக்கு இருபத்துநான்கு.

"வாங்க தம்பி," என்றாள் மூடிய கதவைப் பார்த்து. "இருபத்துநாலு பிடி உங்களுக்குப் போதும்."