சாலையின் வலது ஓரமாகப் போன மீன்கள்

அந்த வருடம் ஹெரான் முனைத் துறைக்கு வரவேண்டிய சால்மன் மீன்கள் துறைக்குள் நுழையவில்லை. செப்டம்பர் பதினேழாம் தேதி மழையோடு மழையாக, நெடுஞ்சாலைக்குப் பத்தடி மேலே நீந்தி, கிழக்கே மலையைத் தாண்டிப் போய்விட்டன. கடைசி வரை அவை சாலையின் வலது ஓரத்தை விட்டு விலகவில்லை, எங்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்று மரலாரி ஓட்டுநர்கள் சொன்னார்கள். ஹெரான் முனையில் சால்மன் பிடிக்கப் படகு வேண்டாம். கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு நடுவே, மிதவை மேடையில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஹெர்ரிங் மீன் துண்டைத் தூண்டில் கொக்கியில் மாட்டி, சிவப்பு வெள்ளை மிதப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்றும் முந்நூறு பேர் காப்பிக் குடுவையும் மழைக்கோட்டுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாயும் வரை ஒரு மிதப்பானும் முங்கவில்லை.

காரணம் ஆர்வோ ஹைக்கிலாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. துறையின் மூலையில் கட்டியிருக்கும் வலைக்கூண்டுக்கு இருபத்தாறு வருடங்களாக அவர்தான் பொறுப்பு. குளிர்காலக் கடைசியில் பண்ணையிலிருந்து வரும் விரல் நீளக் குஞ்சுகளை அந்தக் கூண்டில் விட்டு, மே மாதம் வரை தீனி போட்டு, பிறகு கடலுக்குத் திறந்துவிட வேண்டும். எந்தத் தண்ணீரின் வாசனையில் வளர்ந்தனவோ அந்தத் தண்ணீரைத் தேடி மறுவருடம் அவை பெரிய மீன்களாகத் திரும்பும். தீனியை நீளக் கரண்டியால்தான் வீச வேண்டும் என்பது ஆர்வோவின் கண்டிப்பு. முந்தைய வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது கூண்டைப் பார்த்துக்கொண்ட மகள் ஐலா, கரண்டியைத் தொடவே இல்லை. மேடையில் குப்புறப் படுத்து, கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, மணிக்கணக்காக விரலிடுக்கில் தீனி கொடுத்திருக்கிறாள். குஞ்சுகளைத் திறந்துவிட்ட அன்று இது ஆர்வோவின் காதுக்கு எட்டியது. இனி இவை தண்ணீரைத் தேடி வராது, உன் கை வாசனையைத் தேடித்தான் போகும் என்று, துறையே கூடி நிற்கையில் மகளை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். ஐலா வாளியை அவர் காலடியில் வைத்தாள், மதியப் பேருந்தில் ஏறினாள். பதினாறு மாதம் பேச்சில்லை.

மீன்கள் போன மூன்றாவது வாரம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாக்கிமாவிலிருந்து தகவல் வந்தது. ஆப்பிள் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை ஒன்றில், ஆப்பிள்கள் மிதந்து போகும் நீளத் தொட்டி முழுக்க சால்மன். பண்ணையில் அடையாளத்துக்கு வெட்டுவதுபோல் எல்லாவற்றுக்கும் முதுகுச் சிறுதுடுப்பு வெட்டப்பட்டிருந்ததால் வளர்ப்பு மீன்கள் என்று தெரிந்துவிட்டது. ஐலா அந்தத் தொட்டியில்தான் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆக, ஆர்வோ சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாகிவிட்டது. சரியாகச் சொல்லிவிட்ட மனிதனுக்கு இறங்கிப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துறை அலுவலகத்தில் இருக்கும் டொலோரிஸ், தொலைபேசியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

அவரே பேசினார். மீன்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். நல்லா இருக்கு, நான் நிக்கிற பக்கமே சுத்துது என்றாள் ஐலா. இங்கே குழந்தைகள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்றார்.

"அப்ப மீனுக்காகத்தான் கூப்பிடுறீங்க?"

"ஆமா."

அவள் வைத்துவிட்டாள். டொலோரிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஆர்வோ அன்று முழுக்கக் கூண்டின் பக்கமே நின்றார். காலியான நாற்காலி ஒன்றைப் பார்த்தாலும் அவருக்கு மகள் நினைவுதான் வந்தது. மீன் வராவிட்டாலும் போகிறது, இவள் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் அப்போதுதான் அவரைப் பிடித்தது. மறுநாள் காலை வண்டியை எடுத்து மலை ஏறினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கொட்டகைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதான் இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்." தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு, "ஆனா கரண்டி விஷயத்துல நான் சொன்னதுதான் சரி," என்றார்.

"அது சரிதான்," என்று ஐலா ரப்பர் கையுறையைக் கழற்றினாள்.

திரும்பும் வழியெல்லாம் மழை. ஐலா கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள், மீன்கள் வலது ஓரமாகப் பின்னால் வந்தன. ஆப்பிள் வாசனை கொஞ்சம் ஒட்டியிருந்ததைத் தவிர அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு வாரம் அவள் மேடைமேல் நாற்காலி மாற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சின்னக் குழந்தைகள் இருக்கும் பக்கம் அதிக நேரம் உட்கார்ந்ததாகப் பெரியவர்கள் குறைப்பட்டார்கள். அந்த வருடம் ஊரில் மீனுக்குப் புகை போட்டுப் பதப்படுத்தாத வீடு இல்லை. நவம்பரில் ஐலா யாக்கிமாவுக்கே திரும்பிப் போனாள், அங்கே அவளுக்கு வேலை பிடித்திருந்தது. ஆர்வோ பேருந்து வரை பெட்டியைத் தூக்கி வந்தார்.

மார்ச் மாதம் புதுக் குஞ்சுகள் வந்தபோது, ஒரு வாரம் விடுப்பில் ஐலா எட்டிப் பார்த்தாள். அவளுடைய அப்பா மேடையில் குப்புறப் படுத்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை தண்ணீரில் விட்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டிருந்தது.

"அப்பா, கரண்டி எங்க?"

"தொலைஞ்சு போச்சு."

கரண்டி அவர் தலைக்கு மேலேயே, வழக்கமான ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐலா அதைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்தில் படுத்து, கையைத் தண்ணீரில் விட்டாள்.

அந்தக் குஞ்சுகள் மறுவருடம் பெரிதாகித் திரும்பியபோது, யாக்கிமாவுக்கும் போகவில்லை, துறைக்கும் வரவில்லை. இருவருக்கும் சரிபாதி தூரத்தில், மலைக்கணவாய்க்கு மேலே, மழையில் வட்டமடித்துக்கொண்டு நின்றன. டொலோரிஸ் அறிவிப்புப் பலகையில் சால்மன் பருவம் தொடங்கும் தேதியை அழித்து, 'ஐலா வரும் நாள்' என்று எழுதினாள். அந்த வெள்ளிக்கிழமையே ஐலா வந்தாள், மீன்களும் அவள் பின்னாலேயே துறைக்கு வந்தன. அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகிறாள், பலகையில் அந்த வரியை யாரும் மாற்றுவதில்லை.