வாசலில் ஒரு நடவு

கன்னியப்பன் கழனியில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்று நட்டபடியே பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற தேவயானி கதை சொன்னாள். அவள் கணவன் வசந்த்குமார், வரப்பில் ஊன்றிய மூங்கிலில் செல்போனைக் கட்டி, அதை நேரலையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தான். கலங்கிய நீரில் வெண்மேகங்கள் மிதந்தன. வானத்திலேயே அவள் நாற்றை ஊன்றுவதுபோலிருந்தது.

"தண்ணில கெடந்த நெலாவப் பாத்து, 'எங்கூட்டுக்கா வந்துகீற, குளிர்லியா'ன்னு தவள கேட்டுச்சாம்..."

"பாரிஸ்லருந்து ஒருத்தரு காசு போட்டுக்கீறாரு. பேரச் சொல்லி வணக்கம் வைமே!" என்றான் வசந்த்குமார்.

"அந்த நைனாவுக்கு ரெண்டு கட்டு நாத்து அனுப்பிவுடு" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஆண்டாளம்மாள். வரிசை முழுவதும் சிரித்தது.

மாதச் சந்தா கட்டியவர்களுக்கு வாரம் ஒரு புதுக்கதை. மற்றவர்கள் மனம் நிறைந்தால் அனுப்புவார்கள். அதைக்கொண்டுதான் மகள் கல்பனா காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள்.

ஐப்பசியில் தேவயானியின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆழமாகிவிட்டது. சர்க்கரை நோய் வேறு. இனிச் சேற்றில் கால் வைத்தால் விரலை எடுக்க நேரும் என்று மருத்துவர் எச்சரித்துக் கட்டுப் போட்டார்.

அதன்பின் அவள் வீட்டிலேயே, பாயில் அமர்ந்து, தலையில் பூ வைத்துக்கொண்டு கதை சொன்னாள். முன்னைவிட நன்றாகவே சொன்னாள். சந்தாதாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"எப்பக்கா கழனிக்குப் போவீங்கன்னு கேக்குறாங்க" என்றான் வசந்த்குமார்.

"புண்ணுன்னு சொன்னியாய்யா?"

"சொன்னேன். அழுவுற பொம்ம போட்டாங்க. அப்பால போய்ட்டாங்க."

விடுதிக் கட்டணம் கேட்டுக் கல்பனா இருமுறை அழைத்துவிட்டாள்.

மறுநாள் அவன் கழனி மண்ணைக் கூடைகூடையாக வாசலில் கொட்டினான். தெருக்குழாயில் பிடித்த குடிநீரை ஊற்றிக் குழைத்து நாற்றும் நட்டான்.

"இன்னா வசந்து, வாசல்லயே நடவா? அறுப்பு மிஷினு எந்தப் பக்கமா வரும்?" என்று ஆண்டாளம்மாள் கேட்டுப் போனாள்.

"நீ இந்தக் கல்லு மேலயே நின்னுக்கோ. கைய மட்டும் சேத்துல வை. காலு தெரியாம நான் படம் புடிச்சிக்கிறேன்" என்றான் மனைவியிடம்.

மாலை வெயில் பொன்னாக இறங்கிய வேளையில் அவள் குனிந்து கதையைத் தொடங்கினாள். போனவர்கள் திரும்பி வந்தார்கள். திரையில் பெயர்கள் பனித்துளிகள்போல் அரும்பின. அவற்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்த வசந்த்குமார் சட்டென்று நிறுத்தினான்.

"இன்னா கேக்குறாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"சொல்லுய்யா."

"நெசமாவே சேறுதானான்னு... காலக் காட்டச் சொல்றாங்க."

தேவயானி அவனைப் பார்த்தாள். அவன் தெருவைப் பார்த்தான். அவள் கல்லின்மேல் அமர்ந்து துணிக்கட்டை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். எழுந்து சேற்றுக்குள் இறங்கி, கதையை விட்ட இடத்திலிருந்து, அதே இனிய குரலில் தொடர்ந்தாள்.

வசந்த்குமார் செல்போனை இரு கைகளாலும் பிடித்து, மெல்லத் தாழ்த்தினான். திரையில் அவள் பாதங்களின்மேல் சிவப்பு இதயங்கள் கூட்டங்கூட்டமாக மிதந்து எழுந்தன.