மினுக்கிக்குப் போட்ட ஊசி

மினுக்கி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. யசோதினி பூனையைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துப்போயிருந்தது.

“எல்லாம் அந்தக் கடுவனாலதான்,” என்றான் அவள் கணவன் ரமேஸ். மழைக்காலத்தில் அவர்களுடைய தோட்டத்து லய வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட வெள்ளைக் கடுவன் பூனை அடுப்படியில் சுருண்டு கிடந்தது. “சாக்குல போட்டுக் கொஸ்லந்தப் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன்.”

“பொறுங்க. ரெண்டையும் டொக்டர்கிட்ட காட்டிருவோம்.”

ஹாலிஎலயிலிருந்து பதுளை போய்ச் சேரும்வரை, மினுக்கிக்கு மூச்சு இருக்கிறதா என்று கூடைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மிருக வைத்தியர் ஜெனீரா இரண்டுக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்.

“மினுக்கிக்கு லூக்கீமியா வைரஸ் இருக்கு, பூனைக்கு இரத்தப் புற்று வரவைக்கிற கிருமி. கடுவனுக்கு இல்ல.”

யசோதினிக்கு விளங்கவில்லை. “மினுக்கிக்குக் குட்டியிலேயே அதுக்கு ஊசி போட்டோமே டொக்டர். கடுவனுக்குத்தான் ஒண்ணுமே போடல.”

“ஊசி போட முந்தி இரத்தம் பாத்தாங்களா?”

“இல்லீங்க.”

“தாய்ப் பூனைகிட்ட இருந்தே வந்திருக்கலாம். கிருமி உள்ள போன பொறகு ஊசி போட்டுப் பிரயோசனம் இல்ல. நேரத்தோட போட்டாலும் சில பூனைக்குத் தொத்தத்தான் செய்யும். மனுசருக்கு வராது, பயப்படாதீங்க. ஆனா எச்சில் பட்டுக் கடுவனுக்கு வரலாம். பிரிச்சு வைங்க. கொஞ்ச வாரம் போக அவனுக்கு இன்னொருக்கா பாக்கணும்.”

ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டும் ஒரே தட்டில் தின்றவை. கடுவனின் காதை மினுக்கி நக்கிவிடுவதைப் பார்த்து யசோதினி எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள்.

அதன் பிறகு மினுக்கி படுக்கும் காம்பராவில், கடுவன் அடுப்படியில். நடுக் கதவுக்கு ரமேஸ் புதுக் கொண்டி போட்டான். ஒன்றைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் மற்றதைத் தொடமாட்டாள். கடுவன் ஒரு வேளை சோற்றை மிச்சம் வைத்தாலும் அதைத் தூக்கி ஈறைப் பார்ப்பாள்.

இரண்டாவது சோதனையிலும் கடுவனுக்கு நோய் இல்லை. ஜெனீரா ஊசி போட்டு அனுப்பினார். மினுக்கி மருந்தில் கொஞ்சம் தேறியிருந்தது. இன்னும் எத்தனை காலம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மினுக்கி உள்ளிருந்து கதவைப் பிறாண்டியது.

“இவனுக்குத்தான் ஊசி போட்டாச்சே. இனித் தொறந்து விட்டா என்ன?” என்றான் ரமேஸ்.

“மினுக்கிக்கும் போட்டுத்தான இருந்துச்சு.”

கடுவன் நுழைந்துவிடாதபடி காலால் மறித்துக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மினுக்கி மடியில் ஏறிப் படுத்தது. விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. உதட்டை விலக்கி ஈறைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.