பாதிச் சீட்டும் பச்சைக் குடையும்

பெண் கேட்டு வருகிற ஆண் பூவோடு வரலாம், மோதிரத்தோடு வரலாம், ஒன்றும் இல்லாவிட்டால் வாய் நிறையப் பொய்யோடு வரலாம். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒரு வழக்கு எண்ணோடு வந்தார். துண்டுச் சீட்டில் எழுதி, தையல் மெஷின் மேல் வைத்தார்.

"நான் ஒரு தடவை திவால் ஆனவன். கோர்ட்டுப் பதிவறையில எல்லாம் இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம். பாத்துட்டு, சரின்னா சொல்லுங்க" என்றவர், வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குச் சொல்றேன்" என்று தையல்காரி அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு வயது நாற்பத்தேழு. அந்த வயதில் கால் தரையில் பாவாமல் நடக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. அன்று மாலை ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அளவெடுக்கும்போது கையில் எந்தக் காகிதம் அகப்படுகிறதோ அதன் பின்பக்கம் எழுதி, அந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்திவிடுவாள். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, எதற்கும் விதிவிலக்கு கிடையாது. மறுநாள் வழக்கு எண்ணின் பின்பக்கம் யாரோ ஒருத்தியின் இடுப்பளவு ஏறியது. சீட்டு துணியோடு சேர்ந்து கத்தரிக்குள் போனது. மிஞ்சிய பாதியில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் ஆண்டும் மட்டும் இருந்தன. ஐம்பத்தெட்டு, பதினொரு வருடத்துக்கு முந்தைய ஆண்டு. அவரிடமே போய் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்தான். ஒரு மனிதர் தன் மானத்தை எழுதிக் கொடுத்த சீட்டில் இடுப்பளவு எழுதி வெட்டிவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

இந்த லட்சணத்தில் தம்பி வேறு மூக்கை நுழைத்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் நீதிமன்றத்தின் தேடல் பக்கத்தைத் திறந்து, கடிகாரக்காரரின் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறான்.

"அக்கா, அந்தாளு நாலு லாரி வச்சுத் திவாலானவன். ரெண்டு பொண்டாட்டி. ரெண்டு பேருமே அவன்மேல கேஸ் போட்டிருக்காங்க."

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடா."

"அதான் நாலு லாரியும் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஒருவரை நம்பி, அவர் இரண்டு பெண்டாட்டிக்காரர் என்று ஆகிவிட்டால், தெருவில் தலைகாட்ட முடியாது என்பதுகூட இரண்டாம் பட்சம். தன் கண்ணையே தான் நம்ப முடியாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, தம்பி மனைவியை இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குக் கிளம்பினாள். வழியில் தூறல் போட்டது.

"குடை இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் தையல்காரி.

"ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

கடையிலிருந்த பச்சைக் குடை, வாத்துத் தலைக் கைப்பிடி போட்டது, பதினொரு வருடத்துக்கு முன்னால் காணாமல் போயிருந்தது. அன்று கடையைப் பார்த்துக்கொண்டது தம்பி மனைவி. அதனால் தொலைத்ததும் அவள்தான் என்று தையல்காரி தீர்ப்பு எழுதியாயிற்று. ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தீர்ப்பு ஒருமுறை வாசிக்கப்படும்.

பதிவறை இரண்டாம் மாடியில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு நீள மேசை, அதற்குப் பின்னால் விக்கலோடு ஒரு குமாஸ்தா.

"யாரோ உங்கள நினைக்கிறாங்க" என்றாள் தம்பி மனைவி.

"காலையிலேர்ந்து நினைக்கிறாங்க. எண் இருக்கா?" என்றார் குமாஸ்தா.

தையல்காரி பாதிச் சீட்டை நீட்டினாள். அவர் அதைத் திருப்பி இடுப்பளவைப் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மறுபடி திருப்பினார். நல்ல மனிதர்.

"எண் முழுசா இருந்தா நேரா போயிரலாம். இல்லேன்னா பேரப் போட்டுத் தேடணும்." விக்கல். "பேரு பொதுச்சொத்து. ஊருல ஆளுக்கு ஒண்ணா வச்சிருக்கான்? போடுங்க, பாப்போம்."

போட்டாள். பதினேழு பேர் வந்தார்கள். பட்டியலின் தலையிலேயே லாரிக்காரன், பழைய வழக்குகளோடு வாட்டசாட்டமாக நின்றான்.

"முதல்ல வர்றவனப் பாத்துட்டு மூடிருவாங்க. எல்லாரும் அப்படித்தான்" என்றார் குமாஸ்தா. "இப்ப ஆண்டப் போடுங்க."

பதினேழு இரண்டாயிற்று. ஒன்று லாரிக்காரனின் கடைசி வழக்கு. அதன் எண் பத்தொன்பதில் முடிந்தது. பிறந்த ஆண்டைப் பார்த்தால் அவனுக்கு இப்போது எண்பத்தொரு வயது. இன்னொன்று ஐம்பத்தெட்டில் முடிந்தது. தொழில்: கடிகாரம் பழுதுபார்த்தல். வழக்கு முடிந்துவிட்டது.

"எண்பத்தொண்ணு" என்று தம்பி மனைவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "உங்க தம்பி உங்கள ஒரு தாத்தாகிட்டேர்ந்து காப்பாத்தியிருக்காரு அண்ணி."

கம்ப்யூட்டரில் சுருக்கம்தான் இருந்தது. பழைய கோப்பு காகிதமாகக் கிடங்கில் கிடந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். பார்க்கக் காசில்லை, நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று உண்டு. கோப்பு வரும்போது மணி நாலு அடிக்கப் பத்து நிமிடம். நாடாவின் முடிச்சைத் தையல்காரி மூன்று தடவை தப்பான பக்கம் இழுத்து இறுக்கினாள். ஆயிரம் ஊசியில் நூல் கோத்த கை அது.

சொத்துப் பட்டியல்: கண்ணாடி அலமாரி இரண்டு. சுவர்க் கடிகாரம் பதினாறு, அவற்றுள் ஓடுபவை மூன்று. கடன் கொடுத்தவர்கள்: கடையை வாடகைக்கு விட்டவர், உதிரிபாகக் கம்பெனி, ஒரு பல் வைத்தியர். மனைவி என்ற இடத்தில் 'இல்லை'. ஒன்றுகூட இல்லை. தையல்காரி மூச்சு விட்டாள்.

அடுத்த பக்கத்துக்குத் தலைப்பு, 'என் கைவசம் உள்ள, பிறருக்குச் சொந்தமான பொருள்கள்'. ரிப்பேருக்கு வந்த கைக்கடிகாரங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரியவர் வாங்கிக்கொண்ட கையெழுத்து. கடைசி வரி மட்டும் நீளமாக இருந்தது.

'பச்சைக் குடை ஒன்று. வாத்துத் தலைக் கைப்பிடி. எதிர்க்கடைத் தையல்காரியுடையது. மழை நாளில் தானே வந்து கொடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ருசித்துச் சொன்னாள்.

"தானே வந்து கொடுத்தார்னு போட்டிருக்கு அண்ணி."

"பாத்தேன்."

"தானே வந்து."

"பாத்தேன்டி."

"சார், இந்தப் பக்கத்துக்கு முத்திரை போட்ட நகல் கிடைக்குமா? ரெண்டு வேணும்."

"ரெண்டு எதுக்கும்மா?" விக்கல்.

"ஒண்ணு பீரோல வைக்க. ஒண்ணு மாட்டி வைக்க."

தையல்காரி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். பயனில்லை. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மேசையின் மறுகோடியில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர் முறைத்தார். அவருடைய திவால் பெரிய திவாலாக இருக்க வேண்டும்.

சிரித்தபடியே தையல்காரி பக்கத்தைத் திருப்பினாள். நீதிமன்றத்துப் பொறுப்பாளரின் குறிப்பு இருந்தது: 'குடையைக் கோருமாறு உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. பதில் இல்லை. ஏலத்தில் சேர்க்கப்பட்டது.' நோட்டீஸ் எங்கே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாரோ ஒருத்தியின் தோளளவோடு கத்தரிக்குள் போயிருக்கும்.

அதன் கீழே ஏலப் பட்டியல். பதினாறு கடிகாரங்களையும் அலமாரிகளையும் யார் யாரோ வாங்கியிருந்தார்கள். முப்பத்தொன்றாவது பொருள், குடை. விலை, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. வாங்கியவர் என்ற இடத்தில் கடிகாரக்காரரின் பெயரே இருந்தது.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கடை போய், கடிகாரமெல்லாம் போய் நின்ற மனிதர், கையில் மிஞ்சியிருந்த காசைக் கொடுத்து அடுத்தவள் குடையை மீட்டிருக்கிறார். அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆட வேண்டும் போலவும் இருந்தது.

பட்டியலை எட்டிப் படித்த குமாஸ்தா, "குடையையா வாங்கினாரு?" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "அட, விக்கல் நின்னுடுச்சு" என்றார்.

தையல் கடைத் தெருக்கோடியில் இருந்த அவருடைய ஒற்றை அறைக்கு இருவரும் ஓடினார்கள். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

"அஞ்சு ஆயிடுச்சா?" என்றாள் தையல்காரி, மூச்சிரைக்க.

"உங்களுக்கு எது மேல நம்பிக்கையோ அதப் பாத்துக்கங்க" என்றபடி அவர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "கோர்ட்டுக்குப் போனீங்களா?"

"என் குடை எங்க?"

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பொட்டலத்தை எடுத்தார். பழைய துணியைப் பிரித்தார். வாத்து அப்படியே பளபளவென்று இருந்தது.

"பதினோரு வருஷமா ஏன் கொடுக்கல?"

"கொடுக்கத்தான் கிளம்புவேன். கொடுத்துட்டா அப்புறம் எதச் சொல்லிக்கிட்டு உங்க கடைக்கு வர்றதுன்னு தோணும். குடைய வச்சிட்டு, சட்டைப் பட்டனப் பிச்சிட்டு வந்துருவேன்."

பதினொரு வருடப் பட்டன்களும் தையல்காரியின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இந்த மனிதருக்கு மட்டும் ஏன் நூல் நிற்பதில்லை என்று அவள் எத்தனை நாள் தன் கையையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் கிட்டே வந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். அவரைத் திருப்பி நிறுத்தித் தோளை அளந்தாள்.

"எதுக்கு இப்ப அளவு?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"கல்யாணத்துக்குப் பட்டன் இல்லாத சட்டையிலயா வந்து நிப்பீங்க?"

குறித்துக்கொள்ளக் காகிதம் தேடிக் கையை நீட்டினாள். தம்பி மனைவி முத்திரை போட்ட நகல் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஒன்றைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய நீட்டினாள்.

"பீரோவுக்கு வச்சிருந்தது. எழுதிக்கங்க அண்ணி. ரெண்டு இடது கை மட்டும் வச்சிடாதீங்க."