மேற்கு வாசலில் நனையாதவர்

பெரிய மருத்துவமனையின் மேற்கு வாசலில் ஒரு தையல்காரர் பதினொரு ஆண்டுகள் நின்றார். அத்தனை காலமும் அவர் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை, தாடி ஒரு நூல்கூட வளரவில்லை, கைப்பையில் இருந்த பழங்கள் அழுகவில்லை. முதல் மாதம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. பிறகு வண்டி ஓட்டுகிறவர்கள் அவரைச் சுற்றி வளைத்துத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். அவரை ஒட்டி நின்றால் நனையாது என்பதால் மழை நாட்களில் இடம் பிடிக்க அடிபிடி நடந்தது. உள்ளே போய் விசாரிக்கச் சொன்னவர்களிடம் அவர் ஒரு கடிதத்தைக் காட்டுவார். மேற்கு வாசலில் நகராமல் காத்திருக்கவும் என்று அதில் இருந்தது.

அது மருத்துவமனையின் கடிதப் பிரிவிலிருந்து போனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தட்டச்சுக்காரி கடிதத்தைச் சத்தமாகப் படிப்பாள், சரிபார்க்கிறவள் மருத்துவரின் குறிப்பில் விரல் வைத்துத் தொடர்வாள், அப்புறம்தான் கையெழுத்து. சரிபார்க்கிறவளுக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். எதையும் இரண்டு முறை படிக்கச் சொல்லி உயிரை எடுப்பாள். அவசரத்தில் மாற்றி எழுதிவிடுகிற சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்: வலது, இடது, முன், பின், காலை, மாலை, கிழக்கு, மேற்கு. அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்று தட்டச்சுக்காரியோடு சண்டை போட்டாள். பேச்சுவார்த்தை நின்றது. பேசாதவர்கள் எப்படிப் படித்துக்காட்டுவது? அன்றைய முப்பத்திரண்டு கடிதங்களிலும் கண்ணை ஓட்டாமலே கையெழுத்துப் போட்டாள்.

அதில் ஒன்றுதான் தையல்காரருடையது. குறிப்பில் கிழக்கு வாசல் என்று இருந்தது. நோய் குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய அவர் மனைவியைக் கிழக்கு வாசலில்தான் உட்காரவைத்தார்கள். அவள் நோயில் விழுவதற்கு முன் இருவருக்கும் பெரிய வாக்குவாதம், "போனா போய்க்கிட்டே இரு" என்று அவர் வாய் தவறிச் சொல்லியிருந்தார். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் பழங்களோடு வந்தார். அவளோ மாலை வரை பார்த்துவிட்டு, மனுஷன் சொன்னபடியே நம்மை விட்டுவிட்டார் என்று நினைத்து, அக்கா ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாளும் அவர் நிற்பதைப் பார்த்து 'இன்னொருதரம்' கடிதக் கோப்பைப் புரட்டினாள். குறிப்பில் கிழக்கு, கடிதத்தில் மேற்கு. சொன்னால் வேலை போகும் என்று பயந்தாள். ஒரு மாதம் கழித்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தாள். அப்படியே வருடங்கள் ஓடின. தினமும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். "மேடம், இது மேற்கு வாசல்தானே?" என்று கேட்பார். "ஆமாங்க, மேற்குதான்" என்பாள். அது உண்மைதான். வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களில் அதைவிடப் பெரியது இல்லை.

பதினோராவது ஆண்டு ஒரு காலையில் அவர் டீயை வாங்கிக்கொண்டு, "உங்கள மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் நிக்க முடியுது" என்றார். அவளால் தாங்க முடியவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப, அவளும் காத்துக்கிட்டுதான் இருந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

'இன்னொருதரம்' மாடிக்குப் போய், கோப்பிலிருந்த மனைவியின் அக்கா வீட்டு முகவரிக்குக் கடிதம் தயார் செய்தாள். தட்டச்சுக்காரி சத்தமாகப் படித்தாள், இவள் விரல் வைத்துத் தொடர்ந்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

"நாலு தரம் படிச்சாச்சுக்கா. அழாம கேளுங்க."

மனைவி பாதி நரைத்த தலையோடு வந்தாள். "நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்" என்றாள். "இப்பதான் சொன்னாங்க" என்று அவர் பையை நீட்டினார். பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் அவர் தலையும் பாதி நரைத்து, தாடி நெஞ்சுவரை வளர்ந்துவிட்டது. இருவரும் இன்னொருதரத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவர் நின்ற இடத்தில் இன்றும் மழை விழுவதில்லை. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே ஒதுங்குகிறார்கள். 'இன்னொருதரம்' போய் நின்றால் அவள் மேல் மட்டும் பெய்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள். அவள் குடை கொண்டுவருவதில்லை.